தைராய்டு மாத்திரையைச் சரியாகப் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் அம்மாவுக்கு 50 பவரில் ஆரம்பித்த தைராய்டு மாத்திரை இரண்டே வருடத்தில் 75 ஆகி, 100 ஆகி, 125 வரை போனது. ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும், மருந்து போதவில்லை என்றால் ஏறும் டிஎஸ்ஹெச் என்ற ரத்த அளவு ஒன்பது, பத்து என்றே நின்றது. நான்குக்குள் இருக்க வேண்டியது அது. இத்தனைக்கும் ஒருநாள்கூட மாத்திரையை மறக்காதவர் அவர். புதிதாகப் பார்த்த டாக்டர் மருந்தை ஏற்றவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு காபி குடிப்பீங்கம்மா?"

"டிகாஷன் இறங்குற நேரந்தான் டாக்டர். பத்து நிமிஷம் இருக்கும்."

அந்தக் காபியோடுதான் தினமும் கால்சியம் மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாற்றினோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்ஹெச் 0.2. இப்போது 125 அதிகம் என்று 88-க்குக் குறைத்தார்கள். இரண்டு வருடமாக மருந்து போதவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மருந்து உடம்பில் சேரவே இல்லை என்பதுதான் உண்மை.

இந்த மாத்திரையைப் பொறுத்தவரை எவ்வளவு போடுகிறோம் என்பதற்குச் சமமாக, எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். இங்கே நான் எழுதுவது தைராய்டு சுரப்பு குறைவாக உள்ளவர்கள் போடும் லெவோதைராக்சின் பற்றி. தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோனின் மாத்திரை வடிவம் இது. தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று கடையில் கிடைப்பவை எல்லாம் இதுதான். சுரப்பு அதிகமாக உள்ளவர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல் இதற்கு நேர் எதிரான மருந்து. "எனக்கும் தைராய்டுதான்" என்று ஒருவர் மாத்திரையை இன்னொருவர் வாங்கிப் போட்டுவிடக் கூடாது.

முதலில் டப்பாவில் உள்ள எண்ணைப் படியுங்கள்

மற்ற மாத்திரைகள் பெரும்பாலும் மில்லிகிராமில் இருக்கும். இது மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12.5, 25, 50, 62.5, 75, 88, 100, 112, 125, 137, 150 என்று இத்தனை அளவுகளில் விற்பதற்குக் காரணமே, கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான்.

இதில் நான் மிகவும் பயப்படுவது 12.5-ஐயும் 125-ஐயும்தான். நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். மருந்தின் அளவோ பத்து மடங்கு. சீட்டில் டாக்டரின் கையெழுத்தில் அந்தப் புள்ளி மங்கிப்போகலாம். மெடிக்கல் ஷாப்பில் டப்பாவை வாங்கியதும் பையில் போடாமல், அங்கேயே நின்று சீட்டையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் கடைக்காரரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். "பன்னிரண்டரையா, நூற்று இருபத்தஞ்சா?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒரே கம்பெனி மாத்திரையைத் தொடர்ந்து வாங்குவது நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி உடம்பில் சேரும் அளவு சற்று மாறலாம். வேறு வழியில்லாமல் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள்.

உங்கள் அளவு உங்களுக்கு மட்டும்

சுரப்பி அடியோடு வேலை செய்யாத பெரியவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 100 வரும். சுரப்பி பாதி வேலை செய்தால் அதைவிடக் குறைவாகவே போதும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றுவார்கள். மந்தமாக ஓடிப் பழகிய இதயத்தைத் திடீரென்று வேகப்படுத்தினால் நெஞ்சுவலி வரலாம், துடிப்பு தாறுமாறாகலாம். "எதிர்வீட்டு அக்காவுக்கு எடுத்ததும் 100 கொடுத்தாங்க, எனக்கு ஏன் 25?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

மருந்து தொடங்கும் முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: நெஞ்சுவலி அல்லது இதயப் பிரச்சனை, சர்க்கரை, அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் உள்ள) சுரப்பிக் குறைபாடு, எலும்புத் தேய்மானம், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின். அட்ரீனல் குறைபாட்டைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம். வார்ஃபரின் போடுபவர்களுக்கு இந்த மாத்திரையால் அதன் வேகம் கூடும். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் அளவு மாறலாம்.

காலையில் எழுந்ததும்

வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. வெறும் தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர்தான். எலுமிச்சை தேன் கலந்தது, வெந்தயம் ஊறவைத்தது, அருகம்புல் சாறு, நெல்லிக்காய் சாறு எதுவும் வேண்டாம். அவற்றைக் குடிப்பது உங்கள் வழக்கமென்றால் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வெறும் வயிற்றில் போட்டாலே இந்த மருந்தில் சுமார் 60 முதல் 80 சதவீதம்தான் சிறுகுடல் வழியாக ரத்தத்தில் சேரும். வயிற்றில் உணவு இருந்தால் அதுவும் குறையும். காபி தனியாகவே இதைத் தடுக்கும். நம் ஊர்க் காபியில் பால் வேறு இருக்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது. டீக்கும் இதே கதைதான். சோயா மாவு கலந்த சத்துமாவுக் கஞ்சியும் இப்படித் தடுக்கும். ஆகவே மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். நான் ஒரு மணி நேரம் என்றே எல்லோரிடமும் சொல்வேன். அரை மணி என்று சொன்னால் நடைமுறையில் அது இருபது நிமிடமாகிவிடும்.

காலைக் காபி தள்ளிப்போவது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா கண்டுபிடித்த வழி இது: மாத்திரையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நாலரை மணிக்கு விழிப்பு வந்ததும் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவார். அப்புறம் எழுந்து பல் தேய்த்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் மணி ஐந்தரை தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றுவார்.

காலையில் அறவே முடியாது என்பவர்கள் இரவில் போடலாம். ஆனால் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தோசை சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் வீடுகளுக்கு இது ஒத்துவராது. ஏழு மணிக்கே சாப்பிட்டு முடிப்பவர்களுக்கு நன்றாகவே ஒத்துவரும், படுக்கும்முன் பால் குடிக்கும் பழக்கம் மட்டும் இருக்கக் கூடாது. ரமலான் நோன்பில் சஹருக்கு எழுந்ததும் முதல் வேலையாகப் போடுவதா, இரவு படுக்கும்போது போடுவதா என்பதை மாதம் பிறக்கும் முன்பே டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அமாவாசை, கிருத்திகை விரத நாட்களில் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. இது தண்ணீரோடு மட்டும் போடுகிற மருந்து.

காலையோ இரவோ, ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே இருங்கள். ஒருநாள் அப்படி, ஒருநாள் இப்படி என்று மாற்றினால் எந்த டாக்டராலும் அளவைச் சரியாகப் பிடிக்க முடியாது.

மற்ற மாத்திரைகளோடு எவ்வளவு இடைவெளி?

கால்சியம், இரும்புச்சத்து, இவை கலந்த சத்து மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற திரவங்கள், அல்சருக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட்: இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இவை குடலில் தைராக்சினைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியே கொண்டுபோய்விடும். எளிய வழி, கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின்பும் இரும்புச்சத்தைச் சாயங்காலமும் வைத்துக்கொள்வது.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளையும் வெறும் வயிற்றில்தான் போடச் சொல்வார்கள். எது முதலில் என்ற குழப்பம் பல வீடுகளில் உண்டு. தைராய்டு மாத்திரை முதலில். அரை மணி கழித்து இது. இன்னொரு அரை மணி கழித்துச் சாப்பாடு. ஆனால் இவை நாள் முழுக்க வயிற்றின் அமிலத்தைக் குறைத்துவைப்பதால், இடைவெளி விட்டாலும் தைராக்சின் சேர்வது குறையலாம். புதிதாகத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ இரண்டு மாதத்தில் டிஎஸ்ஹெச் பாருங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ஆகியவற்றாலும் உங்கள் தேவை கூடலாம்.

உணவில் பயப்பட வேண்டியது அதிகமில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவரைச் சமைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம். மாத்திரை போடுகிறவர்களை முட்டைக்கோஸ் பொரியல் ஒன்றும் செய்துவிடாது. அயோடின் கலந்த உப்பையே வீட்டில் பயன்படுத்துங்கள். தைராய்டுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீடு முழுவதும் இந்துப்புக்கு மாறினால், வளரும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அயோடின் குறைந்துபோகும்.

மறந்துவிட்டால்?

முதலில், போட்டோமா இல்லையா என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் தினசரி காலண்டர்தான் சாட்சி. மாத்திரை போட்ட பிறகுதான் தேதியைக் கிழிப்பார் அம்மா. நேற்றைய தேதி தொங்கினால் மாத்திரை போடவில்லை என்று அர்த்தம்.

இந்த மருந்தின் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஏழு நாள் ஆகும். அதனால் ஒருநாள் விட்டுப்போனால் பதற வேண்டாம். அன்றைக்கே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வருகிறதென்றால், டாக்டர் சொல்லாமல் இரண்டு சேர்த்துப் போட வேண்டாம். வழக்கம்போல் ஒன்று போதும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தவறுகிறதென்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பரிசோதனை முடிவைப் பார்த்து அவர் பவரை ஏற்றுவார். அப்புறம் நீங்கள் ஒழுங்காகப் போடத் தொடங்கும்போது மருந்து அதிகமாகிப் படபடக்கும்.

ரத்தப் பரிசோதனை

டிஎஸ்ஹெச் என்பது தைராய்டிலிருந்து வருவதல்ல. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் அது. உடம்பில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி சத்தம் போட்டுக் கூப்பிடும், டிஎஸ்ஹெச் ஏறும். தைராக்சின் அதிகமானால் பேசாமல் இருந்துவிடும், டிஎஸ்ஹெச் இறங்கும். அதாவது எண் கூடினால் மருந்து போதவில்லை, எண் குறைந்தால் மருந்து அதிகம். "டிஎஸ்ஹெச் ஏறிடுச்சு" என்று ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டவர்களை எனக்கே தெரியும். இந்தத் தலைகீழ்க் கணக்கு ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பாதி குழப்பம் தீரும். பிட்யூட்டரியே பழுதானவர்களுக்கு மட்டும் இந்த எண் உதவாது. அவர்களுக்கு ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் உள்ள தைராக்சின் அளவைப் பார்ப்பார்கள்.

பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். மருந்து தொடங்கினாலோ அளவு மாறினாலோ ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். மருந்து உடம்பில் ஒரு நிலைக்கு வரவே அவ்வளவு நாள் ஆகும் என்பதால், பத்து நாளில் பார்ப்பது வீண் செலவு. அளவு நிலைத்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய், கொடுத்துவிட்டு வந்து போடுங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 ஏறி நிற்கும். டிஎஸ்ஹெச்சும் நாளில் நேரத்துக்கு நேரம் மாறுவதால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில், அதே லேபில் கொடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: முடி கொட்டுகிறதென்று போடும் பயோட்டின் மாத்திரை. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும், அதற்குப் பயோட்டின் வாங்கிப் போடுவார்கள். பல லேப்களின் பரிசோதனை முறையில் அது குறுக்கிட்டு டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். மருந்து அதிகம் என்று நம்பி பவரைக் குறைத்துவிடுவார்கள். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

மருந்து அதிகமாகிவிட்டதற்கு அறிகுறிகள்

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், அடிக்கடி மலம் கழிவது, எடை குறைவது. இப்படியே வருடக்கணக்கில் போனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். இந்த அறிகுறிகள் வந்தால் ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உடம்பு இளைப்பதற்காக இந்த மாத்திரையைப் போடுவது தவறு. சுரப்பு சரியாக இருப்பவர்களுக்கு இது எடையைக் குறைக்க உதவாது. அளவை ஏற்றிக்கொண்டே போனால் உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவில் இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பின் தலைப்பிலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆனவர்கள் கதை வேறு. அவர்களில் சிலருக்கு டிஎஸ்ஹெச்சை வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் எண் குறைவாக இருக்கிறதே என்று தானாக மருந்தைக் குறைத்துவிடக் கூடாது.

கர்ப்பம்

இங்கே தாமதம் கூடாது. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்சின் தாயிடமிருந்துதான் போக வேண்டும். அப்போது தாயின் தேவை 25 முதல் 50 சதவீதம் வரை கூடும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டிஎஸ்ஹெச் பார்த்து 2.5-க்குள் கொண்டுவந்துவிடுவது நல்லது. நாள் தள்ளிப்போய்ப் பரிசோதனையில் உறுதியானால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். உடனே பார்க்க முடியாதவர்களுக்காக, வாரத்துக்கு ஏழு மாத்திரை என்பதை ஒன்பதாக்கச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதல். உங்களுக்கு அது பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, முப்பதாவது வாரத்தை ஒட்டி ஒருமுறை பரிசோதனை.

"வயித்துல புள்ள இருக்கு, எதுக்கு இங்கிலீஷ் மருந்து" என்று மாமியாரோ பாட்டியோ அக்கறையில் சொல்லலாம். அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: நம் உடம்பிலேயே ஊற வேண்டியது குறைவாக ஊறுகிறது, அந்தக் குறையைத்தான் மாத்திரை நிரப்புகிறது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அந்த நான்கு மணி நேரக் கணக்கு உண்டு. காலையில் வாந்தி அதிகமென்றால் இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் ரத்தம் பார்க்க வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிறவியிலேயே தைராய்டு குறைவான குழந்தைக்கு, மாத்திரையை ஒரு கரண்டியில் நசுக்கி, கொஞ்சம் தாய்ப்பால் அல்லது தண்ணீரில் கரைத்து உடனே புகட்ட வேண்டும். கரைத்து வைத்து அடுத்த நாளைக்குக் கொடுக்கக் கூடாது. பால் பாட்டிலில் கலக்கவும் வேண்டாம்; குழந்தை பாலை மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சமாகிவிடும்.

நிறுத்தலாமா?

பெரும்பாலானவர்களுக்கு இது வாழ்நாள் மருந்து. டிஎஸ்ஹெச் சரியாக இருப்பதற்குக் காரணமே மாத்திரைதான். சரியாகிவிட்டதே என்று நிறுத்தினால் சில வாரங்களில் சோர்வும் மலச்சிக்கலும் முக வீக்கமும் திரும்ப வரும். பிரசவத்துக்குப் பின் தற்காலிகமாக வருவது போன்ற சில வகைகளில் டாக்டரே குறைத்து நிறுத்திப் பார்ப்பார். அதை அவர் செய்யட்டும்.

வாழ்நாள் முழுக்கவா என்று மனம் சோர்பவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். 1891-ல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய டாக்டர், தைராய்டு குறைபாடு முற்றிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மா பிழைத்து, அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில் இறந்தார். அத்தனை வருடமும் அவருக்கு மருந்து தர 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்றைக்கு அதே வேலையைச் சின்னஞ்சிறு மாத்திரை ஒன்று செய்கிறது.

எங்கே வைப்பது?

வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் இதற்கு ஆகாது. அடுப்பங்கரை அலமாரி, ஃபிரிட்ஜின் தலை, வெயிலில் நிற்கும் கார், குளியலறை எல்லாம் தவறான இடங்கள். வந்த டப்பாவிலேயே மூடியை இறுக்கி, வீட்டிலேயே குளுமையான அறையின் பீரோவில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. பேரப்பிள்ளை விழுங்கிவிட்டால், நன்றாகத்தான் விளையாடுகிறான் என்று விட்டுவிடாமல் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதன் பாதிப்பு சில நாள் கழித்துக்கூட வரும்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்

முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அம்மாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, நர்ஸ் காலை இட்லிக்குப் பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். தைராய்டு, இரும்புச்சத்து, கால்சியம் மூன்றும் அதில் இருந்தன. வார்டில் அதுதான் வழக்கம் போலிருக்கிறது. அம்மா கிண்ணத்திலிருந்து தன் மாத்திரையை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி போடுறதும்மா. நாளையிலேர்ந்து விடிகாலை ரத்தக்கொதிப்பு பாக்க வருவீங்கல்ல, அப்பவே குடுத்துடுங்க" என்றார். அந்தப் பெண்ணும் சரியென்று நோட்டில் குறித்துக்கொண்டார். மறுநாள் ஐந்து மணிக்கு, கையில் கட்டும் பட்டையோடு மாத்திரையும் வந்தது.